ஆறு மணிக்குக் குடித்த மாத்திரை

கோர்னா வர்பா கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு நாற்பத்தேழு கிலோமீட்டர். நடுவில் பதினேழு நிறுத்தம். காலை ஏழு பத்துக்கு ராங்கெல் பஸ்ஸை எடுத்தால் எட்டு இருபத்தைந்துக்கு நகரத்துப் பஸ் நிலையத்தில் நிறுத்துவார். அவருடைய இருக்கைக்கு நேர் பின்னால், கண்ணாடியில் எப்போதும் கண்ணில் படும்படி, வார் போட்டு இறுக்கிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் ஊராரின் ரத்தம் போகும்.

ரத்தத்தை எடுத்து, குழாயில் அடைத்து, பெயர் ஒட்டி அனுப்புகிறவள் அவருடைய தங்கை இஸ்க்ரா. ஊர்ச் சுகாதார நிலையத்தில் பரிசோதகர் வேலை. ரத்தக் காட்டேரிக் குடும்பம் என்று சீண்டுவது பயணிகளுக்கு ஓயாத வேடிக்கை.

"ஏன்பா ராங்கெல், உறிஞ்சறது தங்கச்சி, தூக்கிட்டுப் போறது அண்ணன். உங்க குடும்பத்துல வெயில் பட்டா யாருக்காவது உடம்பு எரியுமா?"

"உன் ரத்தத்துக்கு எவன் ஆசப்படுவான்? முக்கால்வாசி ரக்கியாச் சாராயம். சிகரெட்ட அணைச்சுட்டு உக்காரு, பெட்டி பத்திக்கப் போகுது."

வாயில்தான் கேலி. உள்ளுக்குள் அவருக்குப் பெருமை தாங்காது. அப்பா செத்தபோது அவருக்குப் பதினைந்து வயது, இஸ்க்ராவுக்கு ஆறு. எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டிவிட்டுக் கூட்டுப்பண்ணை டிராக்டரில் ஏறினார். தங்கை பள்ளிப் படிப்பை முடித்து, பிளெவென் நகரத்தில் இரண்டு வருடம் பரிசோதகர் படிப்பும் படித்துத் திரும்பினாள். கல்லூரிக்கு அவளைக் கொண்டுபோய் விட்ட அன்று, விடுதி வாசலில் காவலாளி "அப்பாவா?" என்று கேட்டார். "அண்ணன்" என்று சொல்லிவிட்டு, வீடு திரும்பும் வரை அந்தக் கேள்வியை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தார். அப்போது அவருக்கு இருபத்தேழு.

இஸ்க்ரா பதினெட்டு வருடம் அந்த வேலையைப் பார்த்தாள். பெயரைக் கேட்பாள், அப்பா பெயரைக் கேட்பாள், பிறந்த வருடத்தைக் கேட்பாள். தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தாலும் மூன்றையும் கேட்டுத்தான் ஊசியை எடுப்பாள். குழாயின் மேல் அச்செழுத்துப் போல எழுதுவாள். பதிவேட்டில் நாள், மணி, நிமிடம். இத்தனை வருடத்தில் ஒருவர் குழாய் இன்னொருவர் பெயரில் போனதில்லை. "ஒண்ணு கூட இல்ல" என்று ராங்கெல் விரலை நிமிர்த்திச் சொல்லுவார், கேட்கிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அவளுடைய ஜன்னலுக்கு மேலே தொங்கிய பலகையை எழுதியது ராங்கெல்தான். பென்சிலால் கோடு போட்டு, பஸ்ஸுக்கு அடிக்கும் நீலப் பெயிண்டில் எழுதினார்: "காலை ஆறரை முதல் ஏழு வரை. வெறும் வயிற்றோடு வரவும். எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம்." ஏழு பத்து பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு ரத்தம் நகரத்துக்குப் போக வழியில்லை. அதனால்தான் அந்த நேரம்.

லாசார், ராங்கெலோடு அதே பஸ்ஸை மாற்றி மாற்றி ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் நெஞ்சு தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்ததும் வேலையை விட்டார். அன்றிலிருந்து அவருக்கு டிகாக்ஸின் என்கிற இதய மாத்திரை, தினம் ஒன்று. காலை ஆறு மணிக்கு ரேடியோவில் செய்தி ஆரம்பிக்கும்போது அவர் மனைவி நெவேனா ஒரு குவளைத் தண்ணீரோடு மாத்திரையை நீட்டுவாள். துடிப்பு அடங்கியது, கால் வீக்கம் வற்றியது. தொண்ணூற்றெட்டாம் வருடம் அக்டோபரில் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு முழுவதையும் அவரே பிளந்து அடுக்கினார். மிளகாய் வறுக்கும் தகர அடுப்பை முற்றத்துக்கு இழுத்துவந்து போட்டதும் அவர்தான்.

அந்த நவம்பரில் நகரத்து ஆய்வகத்துக்குப் புது இயந்திரம் ஒன்று வந்தது. ரத்தத்தில் டிகாக்ஸின் எவ்வளவு ஓடுகிறது என்று அது சொல்லிவிடும். ஒன்றுவிட்ட செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அந்தச் சோதனை. ஊருக்கு வாரம் இரண்டு நாள் வந்துபோகும் டாக்டர் பாலாபானோவ், லாசாருக்கும் அதை எழுதிக் கொடுத்தார். நவம்பர் பத்து, செவ்வாய், காலை ஆறு ஐம்பதுக்கு லாசார் ஜன்னலுக்கு முன்னால் நின்றார்.

"பேரு?"

"உங்கண்ணனுக்கு கியர் போடக் கத்துக்குடுத்தவன்னு எழுதிக்கோ."

"அப்பா பேரு?"

"கல்யாணத்துல உன்ன மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரே, அவரேதான்."

"லாசாரண்ணே, வண்டி கெளம்பிடும். காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒரு பருக்கை இல்ல. வயிறு பஸ் டயர் மாதிரி காத்தடிச்சுக் கெடக்கு."

இஸ்க்ரா பதிவேட்டில் எழுதினாள்: வெறும் வயிறு, ஆறு ஐம்பத்து நான்கு. குழாய் பெட்டிக்குள் போனது. பெட்டி பஸ்ஸில் ஏறியது. பஸ் ஏழு பத்துக்குக் கிளம்பியது.

வியாழக்கிழமை முடிவு வந்தது. அளவு இரண்டைத் தாண்டினால் விஷம் என்பார்கள். லாசாருக்கு மூன்று புள்ளி இரண்டு.

டாக்டர் நெவேனாவைக் கூப்பிட்டு, வராந்தாவில் காத்திருந்தவர்கள் காதில் விழும்படியே கேட்டார்.

"தெனம் எத்தன குடுக்கற?"

"ஒண்ணு டாக்டர்."

"ரத்தம் பொய் சொல்லாதும்மா. ரெண்டு குடுத்திருக்க, இல்ல குடுத்தத மறந்து மறுபடி குடுத்திருக்க. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா ஆளைப் பொதைச்சிருப்ப. இனிமே ஒரு மாத்திரை கூடக் கூடாது. அடுத்த சோதனை இருபத்து நாலாம் தேதி. ரத்தம் சுத்தமானதும் பாக்கலாம்."

சிவப்பு மையில் அதை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். நெவேனா அந்தத் தாளோடு வீட்டுக்குப் போவதற்குள் சங்கதி ரொட்டிக்கடை வரை போய்ச் சேர்ந்துவிட்டது. நெவேனா புருஷனுக்கு விஷம் வைக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. "ஐயோ பாவம், மறதி" என்றார்கள். "மறதிதானா?" என்றும் சிலர் கேட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் லாசாரால் மாடிப்படி ஏற முடியவில்லை. ஏழாம் நாள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. அதனால் சமையலறை மேசையின் மேல் தலையணையைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதன் மேல் சாய்ந்து தூங்கினார். டாக்டர் வந்து பார்த்து, "விஷம் எறங்கறப்ப இப்படித்தான்" என்று நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டினார். பத்தொன்பதாம் தேதி ஆம்புலன்ஸ் வைத்து நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர்கள் சிவப்பு மைத் தாளைப் படித்துவிட்டு, அந்த மாத்திரையைத் தவிர மற்றதெல்லாம் கொடுத்து, படுக்கை இல்லை என்று மறுநாளே திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் ஆம்புலன்ஸ் என்றால் கழுத்தை அறுத்துக்கொள்வேன் என்றார் லாசார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராங்கெலும் இஸ்க்ராவும் அவரைப் பார்க்கப் போனார்கள். நெவேனா ஒரு சுற்று இளைத்திருந்தாள். லாசாரின் உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார்.

"வாடா... டைம் கீப்பர். மூணு நிமிஷம்... லேட்டு."

"நான் உங்கிட்ட வரேன்னு நேரமே சொல்லலையே."

"அதான்... சொல்லாம வந்தா... அது லேட்டுதான்."

ராங்கெல் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நெவேனா அடுப்புப் பக்கத்து அலமாரியிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "ராங்கெல், நீ எண்ணிப் பாரு. நீ எண்ணினா ஊரு நம்பும். முப்பது மாத்திரைப் பெட்டி. ஒண்ணாம் தேதி காலையில பிரிச்சேன். பன்னெண்டாம் தேதி மத்தியானம் டாக்டர் நிறுத்தச் சொன்னாரு."

ராங்கெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொன்றாக மேசைமேல் வரிசை வைத்தார். ஆறு ஆறாக மூன்று வரிசை.

"பதினெட்டு மிச்சம். பன்னெண்டு நாளு, பன்னெண்டு மாத்திரை. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல. பத்தாம் தேதி செவ்வாக்கிழமையையும் சேத்துத் துல்லியமா வருது."

"செவ்வாக்கிழமையுமா?" என்றாள் இஸ்க்ரா.

"ஆமா."

"ரத்தம் எடுத்த அன்னைக்கு. அண்ணி, அன்னைக்கு எத்தன மணிக்குக் குடுத்தீங்க?"

"என்னைக்கும் போல ஆறு மணிக்கு. செய்தி ஆரம்பிக்கறப்ப."

"நான் கேட்டேனே. ஜன்னல்ல நின்னு, சாப்பிட்டீங்களான்னு கேட்டேனே."

லாசார் தலையை நிமிர்த்தினார். "சாப்பிடல... பொண்ணே. மாத்திரைய... குடிச்சேன்."

அந்த ஊர்ப் பேச்சில் மாத்திரையை யாரும் சாப்பிடுவதில்லை. குடிப்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டால், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நினைவுக்கு வருமே தவிர மாத்திரை வராது. பலகையும் தண்ணீர் குடிக்கலாம் என்றுதான் சொன்னது. தண்ணீரோடு மாத்திரையும் போயிற்று.

இஸ்க்ரா எழுந்து வெளியே போனாள். கால் மணி நேரத்தில் கையில் ஒரு பழைய நோட்டோடு திரும்பி வந்து, ராங்கெலை முற்றத்து விறகடுக்குப் பக்கம் இழுத்துப்போனாள். பிளெவெனில் படித்தபோது எழுதிய நோட்டு. விரலை வைத்துக் காட்டினாள். அவளுடைய கையெழுத்தேதான், அன்றைக்கும் அச்சுப் போல: இந்த மருந்தைக் கொடுத்து ஆறு மணி நேரம் ஆகாமல் ரத்தம் எடுக்கக் கூடாது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார் ராங்கெல்.

"பஸ் நிலையந்தான் ரத்தம்னு வெச்சுக்கோ. எட்டு இருபத்தஞ்சுக்கு நிலையத்துல போய் நிக்கற. அந்த நேரத்துல ஒருத்தன் வந்து நிலையத்துல தலை எண்ணினா என்ன சொல்லுவான்? ஊரே நெரிசல்னு சொல்லுவான். பத்து மணிக்கு வந்து எண்ணட்டும், ஆளே இருக்க மாட்டாங்க. எங்க போனாங்க?"

"அவங்கவங்க வேலைக்கு. பாக்டரி, கடை, ஆஸ்பத்திரி."

"மருந்தும் அப்படித்தான். குடிச்ச ஒரு மணி நேரத்துல எல்லாம் ரத்தத்துல நெரிஞ்சுக்கிட்டு நிக்கும். அங்கேர்ந்து மெதுவா எறங்கி இதயத்துச் சதைக்குள்ள போகணும், கை கால் சதைக்குள்ள போகணும். அதுக்கு ஆறு மணி, எட்டு மணி நேரம் ஆகும். வேலை செய்யறது சதையில இருக்கற மருந்துதான். ரத்தம் வெறும் வழி. நான் வழியில நெரிசலா நின்னத எண்ணி அனுப்பிட்டேன்."

"அப்ப அந்த மூணு புள்ளி ரெண்டு?"

"நம்பர் சரி. நேரம் தப்பு. அன்னைக்கு மத்தியானம் எடுத்திருந்தா ஒண்ணுக்குக் கிட்ட இருந்திருக்கும். அவருக்கு வாந்தி இல்ல, பாக்கறதெல்லாம் மஞ்சளாத் தெரியல, வெறகு பொளந்துக்கிட்டு இருந்தாரு. விஷம் ஏறின ஆளா அண்ணே அது? பத்து நாளா அந்த இதயத்துலேர்ந்து மருந்து முழுக்க வடிஞ்சு போச்சு. இப்பவே குடுக்கணும்."

"டாக்டருக்கு ஃபோன் போடுவோம்."

லாசார் வீட்டிலிருந்தே ஃபோன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அரை மணி கழித்துப் போட்டார்கள், அப்போதும் எடுக்கவில்லை. இஸ்க்ரா மேசையிலிருந்த பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"நான் குடுக்கறேன்."

நெவேனா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "டாக்டர் வாயால சொல்லாம என் வீட்டுல அது வேண்டாம் இஸ்க்ரா. ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்னு சொல்லியிருக்காரு."

"உங்க கை வேண்டாம் அண்ணி. என் கை."

ராங்கெல் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு நேரம் அவர் எண்ணியது மாத்திரைகளை. இப்போது மனதில் ஓடியது வேறு. சிவப்பு மைத் தாள் ஒன்று வீட்டில் இருக்கிறது. பரிசோதகர் மருந்து கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இந்த மாத்திரைக்குப் பிறகு லாசாருக்கு ஏதாவது ஆனால், பதினெட்டு வருடம் ஒரு குழாய் மாறாத தன் தங்கையைத்தான் இழுத்துப் போவார்கள்.

"நீ டாக்டர் இல்ல" என்றார்.

"அண்ணே, விடு."

"நாளைக்குக் காலையில நானே உன்ன நகரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அவர் வாயால சொல்லட்டும், அப்புறம் குடு. ஒரு நாளுதானே. பத்து நாளு தாங்கினவன் பதினோராவது நாளு தாங்க மாட்டானா?"

பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கித் தன் கோட்டின் உள்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். இஸ்க்ரா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வயதிலிருந்து அண்ணன் பேச்சை மீறிப் பழகாதவள். அன்றைக்கும் மீறவில்லை.

லாசார் மேசைமேல் கன்னத்தை வைத்தபடியே, "என்னடா... வீட்டுச் சண்டைய... என் வீட்டுல போடறீங்க" என்றார்.

திங்கட்கிழமை டான்யூப் ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் இறங்கியிருந்தது. எட்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் பாலாபானோவின் நகரத்து அறைக்கு வெளியே பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். இஸ்க்ரா கதவைத் தட்டினாள், வரிசையில் வா என்று நர்ஸ் சாத்தினாள். உள்ளே போனபோது மணி பதினொன்று.

கதவு சரியாகச் சாத்தவில்லை. ராங்கெலுக்கு எல்லாம் கேட்டது.

"ரத்தம் எடுக்கறது நீ. மருந்து எழுதறது நான். இது எப்ப மாறிச்சு?" என்றார் டாக்டர்.

"மாறல டாக்டர். மாத்திரை குடிச்ச ஐம்பத்து நாலாவது நிமிஷம் நான் ரத்தம் எடுத்திருக்கேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

டாக்டர் பாலாபானோவ் முட்டாள் இல்லை. ஐம்பத்து நாலு நிமிடம் என்றால் என்ன என்பது அவருக்கு உடனே விளங்கியிருக்கும். பிறகு அவர் பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"நோயாளிகிட்ட நீ கேக்கல."

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். மாத்திரை குடிச்சீங்களான்னு கேக்கல."

"சரி. அத எழுதிக் குடு. மருந்து பத்திக் கேக்காம ரத்தம் எடுத்தேன், அதனால முடிவு தப்பா வந்துச்சு, பொறுப்பு என்னுதுன்னு. தேதி போட்டுக் கையெழுத்துப் போடு. நான் மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி எழுதறேன்."

ராங்கெல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "இஸ்க்ரா, அதுல கையெழுத்துப் போடாத. கேக்கணும்னு உனக்கு யாரு சொன்னா? சோதனைச் சீட்டுல அதக் கேட்டு எழுத ஒரு கோடு கூட இல்ல. இவர் மட்டும் கேட்டாரா?"

"நீங்க யாரு?" என்றார் டாக்டர்.

"அண்ணன்" என்றாள் இஸ்க்ரா, எழுதிக்கொண்டே. "அண்ணே, வெளிய இரு. ஒவ்வொரு நிமிஷமும் போய்க்கிட்டு இருக்கு."

அச்செழுத்துப் போல எழுதினாள். நாள், மணி, நிமிடம் போட்டாள். டாக்டர் படித்துப் பார்த்து மடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பிறகுதான் மருந்துச் சீட்டில் பேனாவை வைத்தார்.

வெளியே வந்ததும் இஸ்க்ரா தபால் நிலையத்தைப் பார்த்து ஓடினாள். "ஃபோன்ல சொல்லிடலாம். டாக்டர் சொல்லிட்டாரு, இப்பவே ஒண்ணு குடிக்கக் குடுங்கன்னு. பெட்டிய அண்ணிகிட்டத் திருப்பிக் குடுத்துட்டுத்தானே வந்த, பதினெட்டு இருக்கே!"

ராங்கெலின் கை தானாகக் கோட்டுக்கு மேல் போனது. பெட்டி அங்கேதான் இருந்தது, பொத்தான் மாட்டியபடி.

இஸ்க்ரா அதைப் பார்த்தாள். ஃபோனில் நெவேனாவிடம், எதிர்வீட்டுக் கிழவரும் அதே மாத்திரைதான் குடிக்கிறார், ஒன்று வாங்கிக் கொடுங்கள் என்றாள். நெவேனா போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: "உன் கையில குடுத்துட்டு நானும் ஜெயிலுக்கு வரணுமான்னு கதவச் சாத்திட்டாங்க."

திரும்பும் பஸ் ஒன்றரைக்கு. ராங்கெல் பதினொன்று ஐம்பதுக்கே காலிப் பஸ்ஸைக் கிளப்பினார். பதினேழு நிறுத்தத்தில் ஒன்றிலும் நிற்கவில்லை. நின்றவர்கள் கையைக் காட்டினார்கள், திட்டினார்கள். பனிமூட்டத்தில் பத்தடிக்கு முன்னால் ரோடு தெரியவில்லை. இரண்டு இடத்தில் இஸ்க்ரா இறங்கி முன்னால் நடக்க, அவர் பின்னால் ஊர்ந்து ஓட்டினார். இரண்டு மணிக்கு லாசார் வீட்டுக்கு முன்னால் நிறுத்தினார்.

லாசாரின் விரல் நகங்கள் கறுத்திருந்தன. இஸ்க்ரா மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீரைப் புகட்டினாள். பாதி வழிந்தது, மாத்திரை இறங்கியது. இரண்டு ஐந்து. அவர் எதிரில் உட்கார்ந்து மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

"எப்ப வேலை செய்யும்?" என்று நெவேனா கேட்டாள்.

"எட்டு மணிக்கு. ராத்திரி எட்டு."

மூன்று மணிக்கு நாடி நூற்று அறுபது. மூன்றரைக்கு அவள் எண்ண முடியவில்லை. லாசார் ஒருமுறை கண் திறந்து ராங்கெலைப் பார்த்தார். ஏதோ கேலி சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது, மூச்சு எட்டவில்லை. நான்கு இருபதுக்கு, முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே, தலையணைமேல் தலை சாய்ந்தது. மாத்திரை ரத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்திருக்கும். இதயத்துக்குள் இறங்க இன்னும் மூன்றே முக்கால் மணி நேரம் பாக்கி.

மறுநாள் நெவேனா வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் கறுப்புக் கரை போட்ட சாவுச் சீட்டை ஒட்டினார்கள், லாசாரின் படத்தோடு. சீட்டுக்கு முன்னால் நின்றவர்கள் மெல்லப் பேசிக்கொண்டார்கள். டாக்டர் கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தாராம். திங்கட்கிழமை மத்தியானம் மறுபடியும் அதே மாத்திரையைக் கொடுத்தார்களாம். இரண்டு மணி நேரத்தில் ஆள் போய்விட்டாராம்.

புதன்கிழமை அடக்கம். அதற்கு முன்னால் ராங்கெல் தங்கையிடம் கெஞ்சினார். "நெவேனா உங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நீயா எதுக்குச் சொல்லணும்? டாக்டர் தாளைப் பூட்டி வெச்சிருக்காரு. நீ ஊர் முன்னாடி வாயத் திறந்தா அது வெளிய வரும். வேலை போயிடும்."

"அவளப் பாக்கற பார்வைய நீ பாக்கலையா?"

"ஒரு மாசத்துல மறந்துடுவாங்க."

"அவ மறப்பாளா?"

அடக்கம் முடிந்து எல்லாரும் வந்து நீள மேசையில் உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமஸ் விரதக் காலம், அதனால் அவரைக்கொட்டை சூப்பும் ரொட்டியும் மட்டும். நெவேனா சர்க்கரை தூவிய அவித்த கோதுமையைத் தட்டில் ஏந்தி ஒவ்வொருவருக்கும் நீட்டினாள். ரொட்டிக்கடைக்காரி மட்டும், "எனக்கு இப்ப வேண்டாம் நெவேனா, வயிறு சரியில்ல" என்றாள்.

இஸ்க்ரா எழுந்து நின்றாள்.

"அவரு வெறும் வயித்தோட வந்தாரு. மாத்திரைய மட்டும் குடிச்சிருந்தாரு. நான் சாப்பிட்டீங்களான்னு கேட்டேன், குடிச்சீங்களான்னு கேக்கல. அதனால ரத்தத்துல மருந்து நெறைய இருக்கற மாதிரித் தெரிஞ்சுது. விஷம் இல்ல. மருந்த நிறுத்தினதுதான் அவரக் கொன்னுடுச்சு. நெவேனா அண்ணி ஒண்ணும் தப்பாக் குடுக்கல. கேக்காதது என் தப்பு."

நெவேனா தட்டைக் கீழே வைத்தாள். இரண்டு வாரமாக அவளுக்கே அவள் மேல் சந்தேகம் வந்திருந்தது என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"நான் குடுத்தது ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு, அண்ணி."

"மறந்துட்டு மறுபடி குடுக்கலையே?"

"இல்ல. தெனம் ஒண்ணு. அண்ணன் எண்ணினாரே."

"இன்னொரு தரம் சொல்லு. அந்தக் கோடி வரைக்கும் கேக்கட்டும்."

"தெனம் ஒண்ணேதான் குடுத்தாங்க!" என்றாள் இஸ்க்ரா, கோடி வரைக்கும் கேட்கும்படி.

தங்கை தனியாக நின்றுகொண்டிருந்தாள். ராங்கெலால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமையே அவ குடுக்கறேன்னா. நாந்தான் தடுத்தேன். பெட்டிய நான் கோட்டுல போட்டுக்கிட்டுப் போயிட்டேன். அன்னைக்குக் குடுத்திருந்தா மருந்து எறங்க நேரம் இருந்திருக்கும். பொழைச்சிருப்பானான்னு தெரியாது. ஆனா நேரம் இருந்திருக்கும்."

நெவேனா அவர் பக்கம் திரும்பினாள். கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வந்திருந்தால் தேவலை.

"தங்கச்சிக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாதுன்னு பாத்த."

"ஆமா."

"பாக்கத்தான் வேணும். அண்ணன்காரன் வேற என்ன பண்ணுவான்." அகப்பையை எடுத்தாள். "லாசாருக்குத்தான் அண்ணன் யாரும் இல்லாமப் போயிட்டாங்க."

சூப் வராத தட்டுகளுக்கு ஊற்றிக்கொண்டே வந்தாள். ராங்கெலின் தட்டுக்கும் மற்றவர்களுக்குப் போலவே இரண்டு அகப்பை ஊற்றிவிட்டு, அடுத்தவரிடம் போனாள்.